எதிர்த்து நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

எல்லோரும் சரி என்று சொல்லும் இடத்தில் ‘இல்லை’ என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? சொல்வதற்கு முன்பே தொண்டை வறண்டுவிடும். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் இதைச் சோதித்தார். சில கோடுகளைக் காட்டி, எது எதற்குச் சமநீளம் என்று கேட்டார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் உடன் இருந்தவர்கள், முன்னேற்பாட்டின்படி, கூசாமல் தவறான விடையைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது அதையே திருப்பிச் சொன்னார்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டுக்கே இப்படியென்றால், இன்னும் வராத நாளைப் பற்றி என்ன சொல்ல?

முதலீடு முழுவதும் வராத நாளைப் பற்றியதுதான். ஒரு நிறுவனம் சிறந்தது என்று எல்லோரும் நம்பினால், அந்த நம்பிக்கை பங்கின் விலையில் ஏற்கெனவே ஏறியிருக்கும். நீங்களும் சேர்ந்து நம்புவதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. மீண்டும் சொல்கிறேன், வானொலியில் பக்கத்தைப் புரட்டிப் பார்க்க முடியாதல்லவா: நல்ல நிறுவனம் வேறு, நல்ல விலை வேறு.

இந்த இடத்தில் நான் எப்போதும் ஜான் டெம்பிள்டன் என்ற முதலீட்டாளரை நினைத்துக்கொள்வேன். 1939 செப்டம்பர். ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்துவிட்டன. பத்தாண்டுப் பொருளாதார மந்தத்தில் நொந்துபோன அமெரிக்காவில் பங்கு என்றாலே பலருக்குக் கசப்பு. டெம்பிள்டனுக்கு அப்போது 26 வயது. தம் பழைய முதலாளியிடம் 10,000 டாலர் கடன் கேட்டார். ஒரு டாலரும் அதற்குக் கீழும் விலைபோன ஒவ்வொரு பங்கிலும் 100 டாலருக்கு வாங்கச் சொன்னார். திவாலானவற்றை விட்டு மற்றவற்றை வாங்கியாயிற்று என்று பதில் வந்தது. இல்லை, அவையும் வேண்டும் என்றார்! மொத்தம் 104 நிறுவனங்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு திவால் நிலையில் இருந்தவை.

கேட்பதற்கு வெறும் துணிச்சல்போல இருக்கும். ஆனால் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. போர் பரவினால் எல்லாப் பொருளுக்கும் தேவை பெருகும். நொடித்த ஆலைகூட ஓடத் தொடங்கும். எந்த ஆலை பிழைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒன்றிரண்டில் பணத்தைக் குவிக்காமல் 104 இடங்களில் பரப்பினார். எனக்கு மிகவும் பிடித்தது இந்த அடக்கம்தான். ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில் பணம் நான்கு மடங்கானது. முற்றிலும் மதிப்பிழந்தவை நான்கு நிறுவனங்கள் மட்டுமே.

விலை சரிந்துவிட்டது என்பதற்காகவே ஒரு பங்கை வாங்குபவரை டெம்பிள்டனோடு சேர்க்காதீர்கள். பல நேரங்களில் ஊர் சொல்வது சரியாகவே இருக்கும். அது எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்று இரண்டு வாக்கியங்களில் சொல்ல முடியாவிட்டால் ஒதுங்கி நிற்பதே மேல்.

காத்திருத்தலைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், கடிகாரம் விடவில்லை. சுருக்கமாக ஒன்று. 1996 டிசம்பரில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான், சந்தையின் மிகை உற்சாகத்தைக் குறித்து எச்சரித்தார். அமெரிக்கப் பங்குச் சந்தையின் போக்கைக் காட்டும் நாஸ்டாக் குறியீடு அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஏறி, 2000 மார்ச்சில்தான் உச்சம் தொட்டுச் சரிந்தது. அந்த எச்சரிக்கையை நம்பிக் கடன் பணத்தில், விலை சரியும் என்று சந்தைக்கு எதிராகப் பந்தயம் கட்டியவர்களால் அதுவரை தாக்குப்பிடித்திருக்க முடியாது. டெம்பிள்டன் செய்ததில் அந்தக் கடனை மட்டும் நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

நன்றி, வணக்கம்.