தராசு பொய் சொல்லல, நான்தான் சொன்னேன்

நடுவர் ஐயா அவர்களே, போதகர் ஐயா, அறுப்பின் பண்டிகை ஏலம் முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம இந்த மாசிப் பனியில தலையில துண்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்குற சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மனுஷன நேராக்குறது பிழையில்லாத எந்திரமா, பிழைபட்ட மனுஷனோட மனந்திரும்புதலா, இதுதான் தலைப்பு. நான் மனந்திரும்புதல் பக்கம்.

எதிரணியில முதல்ல பேசின தம்பி நல்லா பேசினாரு. ரேஷன் கடையில கைரேகை மெஷின் வந்தப்புறம் அடுத்தவன் கார்டுல சரக்கு வாங்க முடியல, தெருமுனையில கேமரா மாட்டினப்புறம் திருட பயப்படுறான், படிக்கல் தராசு போயி எலக்ட்ரானிக் தராசு வந்தப்புறம் எடையில ஏமாத்த வழியில்ல, மெஷினுக்கு குடி கிடையாது பொறாமை கிடையாது லஞ்சம் வாங்க பாக்கெட்டும் கிடையாதுன்னாரு, நீங்களும் கை தட்டினீங்க. அடுத்து பேசின அக்கா, ஞாயித்துக்கிழம மன்னிப்பு கேட்டுட்டு திங்கக்கிழம அதே பாவத்தப் பண்ற மனுஷன நம்பி என்ன ஆவப்போவுதுன்னு கேட்டாங்க. அக்கா கேட்டது நியாயமான கேள்வி, அதுக்கு வரேன். மொதல்ல தம்பியோட தராசு.

தம்பி, எலக்ட்ரானிக் தராசுல ஏமாத்த முடியாதுன்னு சொன்னீங்கல்ல. நான் ஏமாத்திருக்கேன்.

இருபத்தஞ்சு வயசுல ஒரு நெல் வியாபாரிகிட்ட எடை போடுற வேலையில இருந்தேன். சாக்கோட சேத்துதான் நெல்ல எடை போடுவோம், சாக்கு எடைய மெஷின்லயே கழிச்சு செட் பண்ணிக்கலாம். ஒரு சாக்கு முக்கா கிலோ இருக்கும். நான் ஒண்ணரை கிலோன்னு செட் பண்ணிடுவேன். மூட்டைக்கு 750 கிராம் நெல்லு காத்துல நிக்கும், மாசக் கடைசியில அத மூட்டை கட்டி நானே வித்துக்குவேன். மொதலாளி சொல்லி செய்யல, அவருக்கு தெரியவே தெரியாது, நானாத்தான் செஞ்சேன். தராசு ஒரு கிராம் கூட பொய் சொல்லல, நான் என்ன சொல்லிக் கொடுத்தேனோ அத அச்சு பிசகாம சொல்லுச்சு, சீட்டும் அடிச்சுக் கொடுத்துச்சு.

புருஷன் இல்லாத ஒரு அம்மா, 40 மூட்டை கொண்டாந்தாங்க. 30 கிலோ எடுத்தேன். அன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்கினேன், இத சொல்லும்போது எனக்கு இப்பவும் கை நடுங்குது.

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லிடறேன், மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பினதால ஒரு பெரிய நாட்டுலயே என்ன நடந்துச்சுன்னு. இங்கிலாந்துல 1999-லேர்ந்து போஸ்ட் ஆபீஸ் கிளைகளுக்கு ஹொரைசன்னு ஒரு கம்ப்யூட்டர் கணக்கு சிஸ்டம் வந்துச்சு. சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது கல்லாவுல இருக்குறது ஒண்ணு, ஸ்கிரீன்ல காட்டுறது வேற ஒண்ணு, பணம் குறையுதுன்னு சொல்லும். கிளை நடத்தினவங்க நாங்க எடுக்கலன்னு கதறினாங்க, பல பேரு கைக்காச போட்டு, கடன் வாங்கி கட்டினாங்க. கோர்ட்டுக்குப் போனா அங்கயும் கம்ப்யூட்டர் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கும்னு எடுத்துக்குவாங்க, இல்லன்னு நிரூபிக்குறது உன் பாடு. 2015 வரைக்கும் 900 பேருக்கு மேல திருட்டு, பொய்க்கணக்குன்னு தண்டனை, ஒரு கர்ப்பிணிய கூட ஜெயில்ல போட்டாங்க, உயிர விட்டவங்களும் உண்டு. 2019-ல கோர்ட்டு அந்த சாஃப்ட்வேர்லயே கோளாறு இருந்துச்சுன்னு சொல்லுச்சு, 2024-ல தனிச் சட்டமே போட்டு தண்டனைகள ரத்து பண்ணாங்க.

அந்த போஸ்ட் ஆபீஸ் நிறுவனத்துக்கு 2012-லேர்ந்து 2019 வரைக்கும் தலைமையில இருந்தவங்க ஆங்கிலிக்கன் சபையில குருப்பட்டம் பெற்றவங்க. அவங்கள பழிக்கிறதுக்காக இத சொல்லல. வேதம் கையில இருந்தும் எதிர்ல அழுவுற முகத்த விட்டுட்டு ஸ்கிரீன நம்புறது உங்களுக்கும் எனக்கும் கூட நடக்கும், அதுக்காக சொல்றேன். 2024-ல விசாரணைக் கமிஷன் முன்னாடி வந்து நின்னப்ப அந்தம்மா அழுதாங்க, அது போதுமா போதாதான்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், ஆனா அழ முடிஞ்சது அவங்களாலதான். ஹொரைசன் அழல. 900 குடும்பத்த தெருவுல நிறுத்தினது அதுக்கு தெரியவே தெரியாது.

அச்சு மெஷின் இல்லன்னா நம்ம கையில வேதமே இல்லைன்னு தம்பி சொன்னாரு. உண்மைதான், அதுவும் நம்ம தரங்கம்பாடியில நடந்தது. 1706-ல சீகன்பால்குன்னு ஒரு ஜெர்மன் மிஷனரி வந்து இறங்கினாரு, அப்புறம் ஜெர்மனியில ஹாலேயில வார்த்த தமிழ் எழுத்து இங்க வந்து சேந்துச்சு. வந்தது ரொம்பப் பெரிய எழுத்து, அத வச்சு அச்சடிச்சா இருக்குற பேப்பர் காணாது. இங்கயே உக்காந்து சின்ன எழுத்தா புதுசா வார்த்து 1715-ல புதிய ஏற்பாட்ட முடிச்சாங்க. தான் பெருசுன்னு அந்த ஈய எழுத்துக்கு தெரியுமா? தப்பாப் போச்சேன்னு மனசு கஷ்டப்பட்டு மறுபடி உருக்க உக்காந்தது மனுஷன்தானே.

இப்ப அக்கா கேள்விக்கு வரேன், எல்லாத்த விடவும் எனக்கு முக்கியம் அதுதான்.

அந்த எடை வேலைய விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு, இப்ப மோட்டார் காயில் கட்டுறதுதான் எனக்குத் தொழில். குறுவைக்கு நாத்தங்கால் விடுற நேரத்துல ஒரு நாளைக்கு மூணு நாலு மோட்டார் வரும். ராத்திரியில மூணு ஃபேஸ் கரண்டுல ஒரு ஃபேஸ் போயிடும், மோட்டார் மிச்ச ரெண்டு ஃபேஸ்ல முக்கி முக்கி ஓடப் பாத்து சூடாகி காயில் கருகிடும், காலையில சாக்குல சுத்தி பைக் பின்னாடி கட்டி கொண்டாருவாங்க. மூடியக் கழட்டினதும் ஒரு வாடை வரும் பாருங்க, அந்த கருகின வார்னிஷ் வாடை ரெண்டு நாளைக்கு சட்டைய விட்டுப் போவாது. கருகின கம்பி லேசுல வராது, ஸ்லாட்டுக்குள்ள, அதான் கம்பி உக்கார்ற காடிக்குள்ள, இறுகிப் போயிருக்கும், வெட்டி, சூடு காட்டி, பிளையர் போட்டு இழுக்கணும். எத்தன சுத்து இருந்துச்சுன்னு எண்ணி வச்சுக்கணும். ஸ்லாட்ட சுரண்டி எரிஞ்ச பேப்பர் துணுக்கு ஒண்ணு விடாம எடுக்கணும். அப்புறம்தான் புது பேப்பர், புது செம்புக் கம்பி, அதே கேஜ், அதே சுத்து, வார்னிஷ் ஊத்தி காய வைக்கிறது. கருகினதுல கொஞ்சத்த உள்ளயே விட்டுட்டு அவசரமா மேல கட்டினா ஒரு மாசத்துல மறுபடி எரிஞ்சு வந்து நிக்கும்.

அக்கா, நீங்க சொன்ன அந்த திங்கக்கிழம ஆளு இப்படி மேலாக்க சுத்தின காயில்தான். அதுக்கு மனந்திரும்புதல்னு நானும் பேரு வைக்கல. ஆனா ஒண்ணு, காயில் எரிஞ்சதுன்னு மோட்டார் பாடியத் தூக்கி காயலான் கடையில போட்ட விவசாயிய நான் இதுவரைக்கும் பாக்கல. வேதத்துல எரேமியா புத்தகத்துல குயவன் வீட்டுல வனையும்போது பாண்டம் கெட்டுப்போவுது, அவன் அந்த மண்ணத் தூக்கி எறியல, அதே மண்ணுல மறுபடி வனையறான். ஏடிஎம்ல மூணு தடவ நம்பர தப்பாப் போட்டா கார்டு பிளாக், அதோட சரி, உன் கதையக் கேக்க அங்க ஆளு கிடையாது. இயேசுவோட சீஷன் பேதுருவும் மூணு தடவதான் அவரத் தெரியாதுன்னு மறுதலிச்சாரு, குளிர்காய கரிநெருப்பு பக்கத்துல நின்னுகிட்டு. அப்புறம் யோவான் 21-ல பாருங்க, கரையில மறுபடியும் கரிநெருப்பு, மேல மீன் வச்சிருக்கு, பேதுரு எந்த நெருப்பு பக்கத்துல விழுந்தாரோ அதே மாதிரி ஒரு நெருப்பு பக்கத்துல இயேசு அவர உக்கார வச்சு சாப்பிடக் கொடுத்து மூணு தடவ கேக்குறாரு, என்மேல அன்பா இருக்கியான்னு. கடலோரத்துல மீன் சுட்டுத் தின்ன நம்ம ஜனத்துக்கு இத நான் விளக்க வேண்டியதில்ல, அந்தப் புகை வாடையிலயே பேதுருவுக்கு எல்லாம் ஞாபகம் வந்திருக்கும்.

சரி, அந்த 30 கிலோ நெல்லு. ரெண்டு வருஷம் கழிச்சு லெந்து காலத்துல ஒரு கூடுகையில சகேயு கதைய வாசிச்சாங்க. எத்தனையோ தடவ கேட்ட கதைதான், அன்னிக்குத்தான் எனக்குப் பட்டுச்சு. அந்தாளு வரி வசூல் பண்றவன், அவனுக்கு மேல கேமரா கிடையாது ஆடிட் கிடையாது, யாரும் அவனப் பிடிக்கல, காட்டத்தி மரத்துலேர்ந்து இறங்கி வந்து, அநியாயமா வாங்கினத "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்"னு தானா சொல்றான். நான் 120 கிலோவுக்கு கணக்குப் போட்டேன். கையில இருந்தது, சைக்கிள வித்தது, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு அந்தம்மா வீட்டுக்குப் போனேன்.

அவங்க வாசல்ல முறத்துல உளுந்து பொடைச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் சொல்லச் சொல்ல கை நின்னு போச்சு. பணத்த தொடவே இல்ல. என்ன கேட்டாங்க தெரியுமா? "ஏந்தம்பி, அப்ப எம்மவன் எடுக்கலையா?"

களத்துல அவங்க பையன் எடை போட்டு நோட்டுல எழுதி வச்சிருக்கான், பத்தாவது படிக்கிற பையன். அந்த நோட்டுக்கும் என் சீட்டுக்கும் 30 கிலோ இடிச்சிருக்கு. சீட்டு மெஷின் அடிச்சது, மெஷினுக்கு என்ன வஞ்சம், அப்ப பையன்தான் திருடி வித்திருக்கான்னு முடிவு பண்ணி புளியங்குச்சி ஒடியற மட்டும் அடிச்சிருக்காங்க. அவன் எடுக்கலம்மா எடுக்கலம்மான்னு சொல்லிருக்கான். ரெண்டு வருஷமா அந்த வீட்டுல அவனுக்கு திருடன்னு பேரு.

பெரிய வெள்ளிக்கிழம போதகர் ஐயா ஏசாயா 53 வாசிக்கும்போதெல்லாம், "நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு"ன்னு வரும்போது, எனக்கு அந்தப் பையன் முதுகுதான் கண்ணுல வரும். அடி என்னோடது, வாங்கினது அவன். சிலுவைன்னா என்னன்னு நான் படிச்சது அந்த வாசல்லதான்.

அந்தம்மா பணத்த வேணான்னு தள்ளிட்டாங்க. "எங்கிட்ட சொன்னத அவன்கிட்ட சொல்லு, பக்கத்து வீடு ரெண்டுலயும் போயி சொல்லு"ன்னாங்க. சொன்னேன். ரெண்டு வீட்டுத் திண்ணையிலயும் நின்னு, நெல்ல எடுத்தது நான், பையன் இல்லன்னு சொன்னேன். பையன் என் மூஞ்சியப் பாக்காம எழுந்து கொல்லப்பக்கம் போயிட்டான். அதுக்கப்புறம் ரோட்டுல பாத்தாலும் பேச மாட்டான், அது அவன் உரிமை, நானும் வற்புறுத்தல.

நடுவர் ஐயா மணி அடிச்சிட்டாங்க, ஒரே நிமிஷம். போன வாரம் கடை வாசல்ல ஒரு பைக் வந்து நின்னுச்சு. பின்னாடி சாக்குல சுத்தின மோட்டார். இறங்கினது அவன்தான், தாடி வச்சிருக்கான், கல்யாணமும் ஆயிடுச்சாம். ஊர்ல காயில் கட்ட இன்னும் ரெண்டு கடை இருக்கு, அதத் தாண்டி வந்திருக்கான். "அண்ணே, காயில் போச்சு, நீங்களே பாருங்க"ன்னு இறக்கி வச்சுட்டு, எடை போட்டு பழைய செம்பு எவ்வளவுன்னு கூட கேக்காம போயிட்டான். பழைய செம்ப எடுத்து, எடைய ஒரு சீட்டுல கையால எழுதி வச்சிருக்கேன். வார்னிஷ் இன்னிக்குத்தான் காஞ்சுச்சு. விடிஞ்சதும் நானே கொண்டுபோய் மாட்டணும். வணக்கம்.