ரிக் வண்டியில் போன நண்பன்

கோவை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கொங்கு நாட்டில் நண்பர்கள் பிரிந்துபோக ஒரு தனிக் காரணம் உண்டு. ரிக் வண்டி. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் போர்வெல் வண்டிகள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று வடக்கே சுற்றிக்கொண்டே இருக்கும். பத்தாவது முடித்தவர்கள், முடிக்காதவர்கள் என எத்தனையோ பையன்கள் அதில் ஏறிப் போனார்கள். ஒரு தோட்டத்தில் போர் போட்டு முடித்தால் அடுத்த ஊர். நிலையான விலாசம் கிடையாது. வீட்டுக்கே எப்போதாவதுதான் கடிதம் வரும். சிநேகிதனுக்கு யார் எழுதுவது?

என்னோடு கீழ்பவானி வாய்க்காலில் நீச்சல் பழகியவன் அப்படிப் போனவன்தான். ஆகஸ்ட் 15 வாக்கில் பவானிசாகர் அணையைத் திறந்துவிட்டால் போதும், பாலத்துச் சுவரிலிருந்து யார் முதலில் குதிப்பது என்று எங்களுக்குள் போட்டி. நான் கல்லூரி, உத்தியோகம் என்று போனேன். அவன் வண்டியில் ராடு மாட்டப் போனான். அப்புறம் கல்யாணம் செய்து திருச்செங்கோட்டுப் பக்கமே தங்கிவிட்டான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

போன வருஷம் சொந்தக்காரர் ஒருவர் மூலமாக அவன் நம்பர் கிடைத்தது. கூப்பிட்டால், "யாருங்க? சத்தமாப் பேசுங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியில் மருமகள் போனை வாங்கி, "மாமாவுக்குக் காது சரியாக் கேக்காதுங்க" என்றார். கம்ப்ரசர் பக்கத்திலேயே வருஷக்கணக்கில் நின்ற காது. இப்போதெல்லாம் நம்பர் கிடைத்தால் ஆளே கிடைத்த மாதிரி நினைத்துக்கொள்கிறோம். காலை வணக்கம் படம் அனுப்புவதோடு சரி. எனக்கு அந்த வழி அடைபட்டது நல்லதுக்குத்தான். பஸ் ஏறினேன்.

வாசலில் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "அட, நீயாடா! ஏண்டா இப்படி எளைச்சுப் போயிட்டே?" என்று தோளைப் பிடித்து, தன் வலப்பக்கம் இழுத்து உட்கார வைத்தான். கொஞ்சமாவது கேட்கிற காது அதுதான். பிள்ளைகள், பேரன்கள், மஞ்சள் விலை என்று பேச்சு போயிற்று. அதெல்லாம் யாரும் யாரிடமும் பேசுவதுதான்.

சாப்பாட்டுக்கு அரிசிம்பருப்புச் சாதம். கேட்காமலேயே என் தட்டில் இன்னொரு கரண்டி நெய் ஊற்றினான். "எங்கம்மா உனக்குத்தான் எச்சா ஊத்தும், ஞாபகம் இருக்குதா?" என்றான். அந்த அம்மா இறந்தபோது அவன் ராஜஸ்தானில் இருந்தான். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நான் அந்தச் சாவுக்குப் போயிருந்தேன். யார் யார் வந்தார்கள், அம்மாவுக்கு என்ன சேலை உடுத்தியிருந்தார்கள், முகம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். இத்தனை வருஷமாகச் சொந்தக்காரர்களிடம் கேட்கக் கூச்சமாக இருந்ததாம். அவன் காதருகே குனிந்து, தெரு வரைக்கும் கேட்கிற குரலில், எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அரக்குச் சேலை. முகம் தூங்குகிற மாதிரிதான் இருந்தது. சாதம் ஆறிப்போனது, இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி. கம்பம் நட்டதும் வந்துவிடுகிறேன் என்றிருக்கிறான். "மேளச் சத்தம் எனக்கு நல்லாவே கேக்கும்டா" என்றான். அவனுக்குப் பாய் தலையணை எடுத்து வைக்கச் சொல்லி இப்போதே வீட்டில் சொல்லிவிட்டேன்.

நன்றி, வணக்கம்.