சித்திரையில் இரண்டு சூரியன்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரை, வைகாசி இரவுகளில் சப்தரிஷி மண்டலத்தின் வால் வளையும் திசையிலேயே பார்வையை ஓட்டுங்கள். முதலில் செம்மஞ்சளாகச் சுவாதி தெரியும். அதே வளைவில் இன்னும் தெற்கே போனால், நீலம் கலந்த வெண்மையில் சித்திரை. இதனருகே முழுநிலவு வரும் மாதம் என்பதால்தான் அந்த மாதத்துக்கும் இப்பெயர். ஜாதகக் கணக்கில் சித்திரை ஒரே நட்சத்திரம். வெறுங்கண்ணுக்கும் ஒன்றுதான். உண்மையில் அங்கே இருப்பவை இரண்டு.

1890-இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆய்வகத்தில் ஹெர்மன் ஃபோகல் இதைக் கண்டறிந்தார். விண்மீனின் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் இடையிடையே கருங்கோடுகள் தெரியும்; அவைதான் நிறமாலைக் கோடுகள். சித்திரையின் கோடுகள் நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் மாறி மாறி நகர்ந்தன. நான்கு நாளுக்கொரு சுற்று. அந்த விண்மீன் நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக இருந்தால்தான் இப்படி நடக்கும். அதை இழுத்துச் சுழற்ற ஒரு துணை வேண்டும்!

பெரியது சூரியனைப் போல் ஏறத்தாழ 11 மடங்கு நிறை, சிறியது 7 மடங்கு. சூரியனின் மேற்பரப்பு வெப்பம் 5,500 டிகிரி. இவற்றிலோ 20,000 டிகிரி அளவில் கொதிக்கிறது, பெரியதில் இன்னும் அதிகம். சிறியது முதன்மை வரிசை விண்மீன், அதாவது மையத்தில் ஹைட்ரஜனை எரித்து ஒளிரும் கட்டத்தில் இருப்பது; பெரியது அந்தக் கட்டம் முடியும் விளிம்பில் நிற்கிறது. இடைவெளியோ சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான். அத்தனை நெருக்கத்தில் ஈர்ப்பு இரண்டையும் முட்டை வடிவாக இழுத்துவிட்டது. சுற்றும்போது நமக்குத் தெரியும் பரப்பு மாறுவதால் ஒளியும் லேசாக ஏறி இறங்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். நம் நீலகிரியின் அருவங்காட்டில் 1916-இல் பிறந்தவர் ராபர்ட் ஹான்பரி பிரவுன். வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் பெயர்போன அதே அருவங்காடுதான். பின்னாளில் அவர் ஆஸ்திரேலியாவின் நரப்ரியில், 188 மீட்டர் விட்டமுள்ள வட்ட ரயில் பாதையில் இரண்டு பெரிய கண்ணாடி எதிரொளிப்பான்களை ஓடவிட்டு, விண்மீன்களின் கோண அளவை அளந்தார். சித்திரையின் சுற்றுப்பாதை வானில் எத்தனை நுண்ணிய கோணத்தில் தெரிகிறது என்பதை அந்தக் கருவி சொன்னது. நிறமாலை சொன்ன வேகத்திலிருந்து அதே பாதையின் அளவு கிலோமீட்டரில் கிடைத்தது. இரண்டையும் சேர்த்தால் தூரம் தானாக வந்துவிடும். 1971-இல் வெளியான விடை ஏறத்தாழ 275 ஒளியாண்டு. பிற்காலத்தில் ஹிப்பார்கஸ் செயற்கைக்கோள் முற்றிலும் வேறு வழியில் அளந்தபோது, சுமார் 250 வந்தது.

வணக்கம்.