அந்தத் தாயின் வாசலில் பிள்ளையை நிறுத்தாதீர்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், சற்று முன்னர் பேசி எல்லோரையும் கலங்கவைத்துவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணிப் பேச்சாளருக்கும், மட்டக்களப்பு நகரில் இருந்தும் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கங்களில் இருந்தும் வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் உங்களுக்கும் என் வணக்கம்.

இன்றைய தலைப்பு இது. தெரியாமல் நேர்ந்த விபத்தில் ஓர் உயிர் போகக் காரணமாகிவிட்ட பிள்ளையைப் பற்றி இளையோருக்கு நாவல் எழுதினால், அந்தப் பிள்ளை மீள்வது பறிகொடுத்தவர்கள் மன்னிப்பதாலா, தன்னைத் தானே மன்னிப்பதாலா? எதிரணி முதலாவதைச் சொல்கிறது. நான் இரண்டாவதற்காக நிற்கிறேன்.

எதிரணிப் பேச்சாளர் கேட்டார்: "பெற்ற தாய் அழுதுகொண்டிருக்க, பறித்தவன் தனக்குத் தானே மன்னிப்பு எழுதிக்கொள்ள என்ன உரிமை? குற்றக் கூண்டில் நிற்பவனே நீதவானாக முடியுமா?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், ஏனென்றால் அது நேர்மையான கேள்வி. அதைத் தாண்டாமல் என் அணிக்கு வழி கிடையாது.

ஒரு கதையை வைத்துப் பேசுவோம். சாதாரண தரப் பரீட்சை முடிந்த அன்று, கடைசிப் பாடத்தை எழுதிவிட்டு நாலைந்து பொடியன்கள் கடலுக்குக் குளிக்கப் போகிறார்கள். மனமில்லாமல் நின்ற ஒருவனை இன்னொருவன், "வா மச்சான், ஒரு முழுக்குப் போட்டுட்டு வருவம்" என்று சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறான். கடல் இழுக்கிறது. ஏற்றிப் போனவன் கரைக்கு வருகிறான். ஏறிப் போனவன் வரவில்லை. மறுகா ஊர் என்ன சொல்லும்? செத்த வீட்டுப் பந்தலுக்குள்ளேயே, தணிந்த குரலில் ஒரு பேச்சு புறப்படும்: "அவன்தானே கூட்டிக்கொண்டு போனவன்." அதில் பொய் இல்லை. அதனால்தான் அந்தப் பிள்ளையால் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்ல முடியாது.

எதிரணியின் விருப்பப்படி எழுதினால் இந்தக் கதை எங்கே போகும்? இறந்தவனின் தாயுடைய வாசலுக்குப் போகும். அவர் கதவைத் திறந்து "வா மனே" என்று சொல்லும்வரை அங்கேயே நிற்கும். கடைசி அத்தியாயத்தில் அவர் திறப்பார். நாங்களும் அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடுவோம்.

எனக்கு அந்தத் தாயைப் பற்றித்தான் முதல் கவலை. முப்பத்தோராம் நாளும் முடிந்து உறவுகள் எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போன பிறகு, மகனுடைய பரீட்சைப் பெறுபேறு வரப்போகிறதே என்று பயந்துகொண்டு இருக்கும் பெண் அவர். அவர் தலையில் இன்னொரு வேலையைச் சுமத்துகிறோம்: மகனைக் கூட்டிப் போனவனையும் நீங்கள்தான் கரைசேர்க்க வேண்டும் என்று. சேர்க்காவிட்டால் வாசகர் மனத்தில் அவர் கல்நெஞ்சக்காரி. இது என்ன நியாயம்? மன்னிக்காமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. வாழ்நாள் முழுக்க அந்தப் பையனின் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லவும் உரிமை உண்டு. கதையின் முடிவை அவர் வாயில் கொண்டுபோய் வைக்கிற எழுத்தாளர், அந்த உரிமையை அவரிடம் இருந்து பறித்துவிடுகிறார். பறிகொடுத்தவர் பக்கம் நிற்பதாக எதிரணி சொல்கிறது. அவர் பக்கம் நிற்பதென்றால் முதலில் இந்தச் சுமையை இறக்கிவைக்க வேண்டும்.

அடுத்ததாக மனுநீதிச் சோழனைச் சாட்சிக்கு அழைத்தார்கள். பசுவின் துயரை அரசன் தன் மகனைக் கொடுத்து அனுபவித்தான், அதுதான் நீதி என்றார்கள். சரி, நானும் திருவாரூருக்கு வருகிறேன். ஆராய்ச்சி மணியை அடித்த பசுவை எங்களுக்குத் தெரியும். அரசனைத் தெரியும். தேரை ஓட்டிப் போன அந்தப் பிள்ளை? கன்றுதான் துள்ளி வந்து சில்லில் அகப்பட்டது. அந்த நேரத்தில் அவன் என்ன செய்தான் என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் கேட்டிருக்கிறார். பெரியபுராணத்தில் அந்த இடத்தைத் தயவுசெய்து ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அவனுக்குச் சொல் தடுமாறுகிறது. தேரில் இருந்து இறங்கி விழுகிறான். கதறும் பசுவைப் பார்த்து உயிர் பதைக்கிறான். கன்றைப் பார்த்து நெடுமூச்சு விட்டு நிற்கிறான். இப்படி ஒரு பழியைத் தந்தைக்குக் கொண்டுவரவா பிறந்தேன் என்கிறான். பிறகு, இதற்குப் பரிகாரம் உண்டென்றால் "எந்தை ஈது அறியா முன்னம்" செய்துவிடுகிறேன் என்று அந்தணர்களைத் தேடிப் போகிறான். அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்! இதைவிட உண்மையாக ஓர் இளம்பிள்ளையின் மனத்தை யாரும் எழுதிவிட முடியாது என்றே நினைக்கிறேன். அவன் தண்டனைக்கு அஞ்சி ஒளியவில்லை. சரிசெய்துவிடத் துடிக்கிறான். ஆனால் தனியாகத் துடிக்கிறான். அவன் அங்கே போய்ச் சேரும்போது பசு மணியை அடித்துவிடுகிறது. அதோடு கதை அரசனுடையதாகிவிடுகிறது. முடிவில் இறைவன் எழுந்தருளிக் கன்றையும், இளவரசன்மேல் தேரை ஓட்ட மனமில்லாமல் உயிரை விட்ட மந்திரியையும், மைந்தனையும் எழுப்பித் தருகிறார்.

நம் பிள்ளைகளின் கதையில் அப்படி யாரும் எழுந்து வருவதில்லை, நடுவர் அவர்களே. அந்த இளவரசன் உயிரோடு இருக்க, கன்று மட்டும் வராமலே போயிருந்தால் அவன் மிச்ச வாழ்க்கையை எப்படி வாழ்ந்திருப்பான்? இளையோர் நாவல் எழுத வேண்டிய இடம் அது. அங்கே பசு வந்து மன்னிக்கப் போவதில்லை.

பாண்டியனையும் சொன்னார்கள். கண்ணகியின் முன்னால் தன்னை மன்னிக்காமல் உயிரை விட்டவன், அதனால்தான் உயர்ந்தான் என்றார்கள். பாண்டியன் விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன அரசன். அதிகாரம் கையில் இருந்தும் கேட்க மறந்தவன். பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று சைக்கிளில் நண்பனை ஏற்றியதும் அதுவும் ஒன்றா? இன்னொன்று, பாண்டியனின் சாவோடு எங்கள் பக்கத்தில் யாரும் கதையை முடிப்பதில்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கண்ணகியின் கதையான வழக்குரையைப் படித்து, அவள் சினத்தைத் தணிக்கும் குளிர்த்தி பாடிய பிறகுதான் சடங்கு நிறைகிறது. எரிந்தது குளிர வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்த மக்கள் நாங்கள்.

இனி அந்த உரிமைக் கேள்விக்கு வருகிறேன். விவிலியத்தில் உபாகமத்தில் ஒரு காட்சி இருக்கிறது. அயலவனோடு காட்டுக்கு விறகு வெட்டப் போகிறான் ஒருவன். கோடரியின் இரும்பு காம்பை விட்டுக் கழன்று போய் அயலவனைக் கொன்றுவிடுகிறது. அப்படிப்பட்டவன் ஓடிப்போய்த் தங்குவதற்கென்றே அடைக்கலப்பட்டணங்கள். எண்ணாகமம் அவை ஆறு என்கிறது. பிரதான ஆசாரியர் இறக்கும்வரை அவன் அங்கே இருக்க வேண்டும், அதற்குப் பிறகு தன் காணிக்குத் திரும்பலாம். திருக்குர்ஆனில் சூரத்துன் நிஸாவின் 92ஆம் வசனம், இறைநம்பிக்கையாளர் ஒருவரைத் தவறுதலாகக் கொன்றுவிட்டவர் பற்றியது. ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும், குடும்பத்துக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும். குடும்பம் விரும்பினால் அந்த ஈட்டை விட்டுக்கொடுக்கலாம். வசதியில்லாதவர் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும். இரண்டு வேதத்திலும் செய்தவர் மேல் கடமை இருக்கிறது. அந்தக் கடமைக்கு ஒரு கரையும் இருக்கிறது. அந்தக் கரை, இறந்தவரின் வீட்டார் மனம் இரங்குவதில் வைக்கப்படவில்லை. பட்டணத்தில் இருந்தவர் வீடு திரும்பலாம், நோன்பு இருந்தவர் நோன்பை முடிக்கலாம். நமது தண்டனைச் சட்டக்கோவைகூட கவனயீனத்தால் விளைந்த மரணத்துக்கு 298 என்று தனிப் பிரிவு வைத்து, அதைக் கொலையோடு சேர்க்காமல் விட்டிருக்கிறது. இத்தனை பேர் கரை வைத்துக்கொடுத்த இடத்தில், கதை எழுதுகிற நாங்கள் மட்டும் பிள்ளைக்குக் கரையில்லாத கடலைக் கொடுக்கலாமா?

தன்னை மன்னிப்பது என்றால் "சரி, நடந்தது நடந்துபோச்சு" என்று தோளைத் தட்டிவிட்டுப் போவது என எதிரணி நினைப்பதுபோல் தெரிகிறது. அப்படி ஒரு நாவல் வந்தால் அதை நானே எதிர்ப்பேன். நான் கேட்கும் நாவலில் அந்தப் பையன் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். நான்தான் கூப்பிட்டேன், அவனுக்கு நீந்தத் தெரியாது என்று எனக்குத் தெரியும், முதல் அலையில் நான் என் உயிரைத்தான் பார்த்தேன் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். இதைச் சொல்லவிடாமல் தடுப்பது யார் தெரியுமா? அவன்மேல் அன்பு வைத்தவர்கள். பெரியம்மா வந்து தலையைத் தடவி, "உன்ட பிழை இல்ல மனே, விதி" என்பார். அதோடு அவன் வாய் மூடிக்கொள்ளும். சைக்கிளின் ஹாண்டிலைப் பிடித்தது தன் கைதான் என்று அவனுக்குத் தெரியுமே!

அந்த உண்மைக்குள் கலந்திருக்கும் பொய்யை அவனே பிரித்தெடுக்க வேண்டும். கடல் இழுக்கும் என்று இன்றைக்கு அவனுக்குத் தெரியும். அன்று பின்நேரம் தெரியாது. இன்றைய அறிவை வைத்துக்கொண்டு அன்றைய தன்னை விசாரிக்கிறான், ஒவ்வொரு இரவும். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு நாவலுக்குத்தான் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. புத்திமதிக்கு இல்லை. அவன் அந்த வீட்டுக்கும் போகட்டும், மன்னிப்பும் கேட்கட்டும், அது அவன் கடமை. அவர்கள் கதவைத் திறக்காமல் விட்டால் அன்றிரவு அவன் என்ன செய்கிறான் என்பதை எழுதுங்கள் என்கிறேன்.

இங்கே எழுத்தாளர்கள் ஓடித் தப்பும் இரண்டு குறுக்குவழிகளைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இறந்தவன் கனவில் வந்து "நீ கவலைப்படாதடா" என்பது ஒன்று. இறந்தவன் பெயரில் எழுத்தாளர் கையெழுத்துப் போடும் வேலை அது. நாயகன் வேறொரு பிள்ளையைத் தண்ணீரில் இருந்து காப்பாற்றிக் கணக்கைச் சமன் செய்வது மற்றது. உயிரோடு உயிரைக் கழித்துப் பார்க்கும் அந்தக் கணக்கைப் படிக்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. அதைவிட, ஒரு நாள் கிரிக்கெட் பார்க்கும்போது தன்னை மறந்து சிரித்துவிட்டு, அதற்காகத் தன்னைத் தண்டிக்காமல் விடுகிறானே, அந்த ஒரு பக்கம் எனக்குப் போதும்.

கடைசியாக, இந்தத் தலைப்பை இந்த ஊரில் வைத்துப் பேசுகிறோம் என்பதை மறக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிறு காலை. இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் போனார்கள். மாவட்டங்களில் ஆகக் கூடுதலாகப் பறிகொடுத்தது அம்பாறை. மருதமுனை, கல்முனை, பாண்டிருப்பு, காரைதீவு, திருக்கோவில் என்று அந்தக் கரை. இங்கே கல்லடி, டச்பார், நாவலடி. அந்தக் காலையைப் பற்றிப் பேசுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். அலையின் உயரத்தைச் சொல்வார்கள், கறுப்பாக வந்ததைச் சொல்வார்கள், தென்னையில் தொங்கியதைச் சொல்வார்கள். "கையைப் பிடிச்சுக்கொண்டுதான் ஓடினன்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அடுத்த வசனம் இருபது வருடம் கடந்தும் வெளியே வரவில்லை. இரண்டு பிள்ளைகளில் ஒன்றை மட்டும் தூக்க முடிந்தவர்கள். "நீ போய் விளையாடு, நான் வாறன்" என்று தம்பியைக் கடற்கரைக்கு அனுப்பிய அக்காமார். அவர்களில் எத்தனையோ பேர் அன்றைக்குப் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள்.

அலைக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஊருக்கே தெரியும். கை நழுவியவருக்கு அது போதவில்லை. இவர்கள் யாருடைய வாசலுக்குப் போவார்கள்? மன்னிக்க வேண்டியவன் அந்தத் தம்பி, அவன் இல்லை. தாயிடம் கேட்கலாம் என்றால் பல வீடுகளில் தாயும் இல்லை. வீடே இல்லை. எதிரணி எழுதும் நாவலில் இவர்களுக்குக் கடைசி அத்தியாயம் கிடையாது.

இன்றைக்குத் தரம் 10இல் படிக்கும் பிள்ளை அதற்குப் பிறகு பிறந்தது. ஒவ்வொரு டிசம்பர் 26 அன்றும் சாப்பிடாமல் முற்றத்தில் இருக்கும் மாமாவை அதற்குத் தெரியும், ஏன் என்றுதான் தெரியாது. இளையோர் நாவல் போய்ச் சேர்வது அந்தப் பிள்ளையின் கைக்கு. தன்னோடு சண்டை பிடித்துத் தன்னை ஏற்றுக்கொண்ட ஒரு பாத்திரத்தைப் படித்துவிட்டு, அந்தப் பிள்ளை மாமாவின் பக்கத்தில் போய் இருந்து "என்ன நடந்தது மாமா?" என்று கேட்கக்கூடும். புத்தகத்தை வாங்கி மாமாவே படிக்கவும் கூடும்.

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். உங்கள் நாவல் 200 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். 150ஆம் பக்கத்தில் அந்தத் தாய் மன்னிக்காமலே இறந்துவிடுகிறார். பையனுக்கு வயது பதினேழு. மிச்சம் 50 பக்கத்தில் என்ன எழுதுவீர்கள்? அதை இந்த மேடையில் சொல்லுங்கள். நடுவர் அவர்கள் அதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.