வெரைட்டி ஹால் ரோடு

நேயர்களுக்கு வணக்கம். கோயம்புத்தூர் டவுன்ஹால் பக்கம் போகிறவர்களுக்கு வெரைட்டி ஹால் ரோடு தெரியும். அந்த ஹால் எங்கே என்று கேட்டால்தான் முழிப்பார்கள். 'டிலைட் தியேட்டர்' என்றால் என் வயதுக்காரர்கள் சட்டென்று கைகாட்டுவோம். இரண்டும் ஒன்றுதான். கோவை சின்ன ஊராக இருந்தபோது, 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டியது.

அவருக்குத் திருச்சியில், ரயில்வேயில் வரைபடம் போடும் வேலை. 1905இல் அங்கே படம் காட்ட வந்த டூபான் என்கிற பிரெஞ்சுக்காரருக்கு உடம்பு முடியாமல் போக, புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் இவர் வாங்கிக்கொண்டார். விலை 2,000 ரூபாய்க்கு மேல். மாதச் சம்பளம் 25 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஏழு வருஷச் சம்பளம்! வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்.

கூடாரம் அடித்து அடித்துச் சலித்தவர் கடைசியில் சுவர் எழுப்பிய இடம்தான் வெரைட்டி ஹால். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் தியேட்டர் என்று நாங்கள் பெருமையடிப்போம். சென்னைக்காரர்கள் விடமாட்டார்கள், அண்ணா சாலையில் அதற்கும் முந்தைய எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடம் தபால் துறையின் கையில் இன்னும் நிற்கிறது. சரி, அந்தப் பஞ்சாயத்து இப்போது வேண்டாம்.

எனக்குப் பெரிய விஷயம் கரண்ட்தான். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்ததே 1930களில். அதற்கு முன்பே இவர் சொந்தமாக மின்சாரம் எடுத்துப் படம் ஓட்டினார். அப்புறம் மின்சாரத்தில் ஓடும் அச்சகம், அரிசி மில் என்று தொழிலும் விரிந்தது.

அந்தக் கால புரொஜெக்டர் விளக்கின் அருமை எனக்குச் சின்ன வயதில், வேறொரு தியேட்டர் கேபினில்தான் புரிந்தது. பென்சில் மாதிரி இரண்டு கார்பன் குச்சிகள். முனைகள் தொட்டுப் பிரிந்தால் கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். குச்சி கரையக் கரைய இடைவெளி கூடும், ஆபரேட்டர் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரை மங்கும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். "விசிலடிக்கிறவனை இங்கே பத்து நிமிஷம் நிற்கச் சொல்லு தம்பி" என்பார், பனியன் நனைய.

சாமிக்கண்ணு பிறகு படத் தயாரிப்பிலும் இறங்கினார். 1933இல் வந்த 'வள்ளி திருமணம்' அவருடையது. 1942இல் காலமானார். தியேட்டர் பெயர் மாறி, பல காலம் ஓடி, நின்று, கடைசியில் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள்.

போன மாதம் ஆட்டோவில் ஏறி, பழக்கதோஷத்தில் "டிலைட் தியேட்டர்" என்றேன். டிரைவர் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய்ச் சரியாக அந்த இடத்தில் நிறுத்தினார். "இறங்குங்க சார், வந்திருச்சு" என்றார்.