ஒரு பேராசிரியர் கையெழுத்திட்ட கடிதம்

நேயர்களுக்கு வணக்கம்.

லோத்திகா சர்க்கார் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் சட்டம் கற்பித்தவர். அங்கே சட்டப் புலத்தில் ஆசிரியரான முதல் பெண். கேம்பிரிட்ஜில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணும் அவரே. சரி, பட்டங்கள் இருக்கட்டும். 1979-இல் அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

1972-இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்கு விசாரணைக்காக வந்த ஓர் ஆதிவாசிச் சிறுமியை, அங்கேயே காவலர்கள் பாலியல் வன்கொடுமை செய்ததாக வழக்கு. அமர்வு நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடிய தடயம் இல்லை, ஆகவே அவள் சம்மதித்திருக்கிறாள் என்பது தீர்ப்பின் போக்கு.

லோத்திகாவும் உபேந்திர பக்ஷி, வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகியோரும் தலைமை நீதிபதிக்கே பகிரங்கமாக எழுதினார்கள். அதைக் கோபக் கடிதம் என்று பலர் சொல்வார்கள். கோபம் இருக்கிறதுதான். ஆனால் எனக்கு அது நல்ல குற்றவியல் வகுப்பு மாதிரிதான் படுகிறது. பணிந்து போவது வேறு, சம்மதிப்பது வேறு; இரவு நேரத்தில், காவல் நிலையத்துக்குள், சீருடைக்காரர் முன்னால் ஓர் ஏழைச் சிறுமி என்ன எதிர்ப்பைக் காட்ட முடியும் என்று கேட்கிறார்கள். தீர்ப்பின் தர்க்கத்தை எடுத்துக்கொண்டு, சட்டத்தை வைத்தே அதைப் பிரித்துப் போடுகிறார்கள்.

நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். உச்ச நீதிமன்றம் அசையவில்லை. அந்த விடுதலை அப்படியே நின்றது. நாடாளுமன்றம்தான் 1983-இல் சட்டத்தைத் திருத்தியது. சாட்சியச் சட்டத்தில் 114-ஏ பிரிவு வந்தது: காவலில் நடந்த குற்றமாக இருந்து, உறவு நடந்தது நிரூபணமாகி, 'நான் சம்மதிக்கவில்லை' என்று பெண் சாட்சி சொன்னால், நீதிமன்றம் சம்மதம் இல்லை என்றே அனுமானிக்க வேண்டும். சம்மதம் இருந்தது என்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பதும் அதே திருத்தம்தான். அந்தப் பெண்ணின் பெயர் புத்தகங்களில் வழக்கின் பெயராகவே நிலைத்துவிட்டது. நான் அதைச் சொல்லப்போவதில்லை.

2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அந்த 114-ஏ பிரிவுதான் 120-ஆம் பிரிவு. சட்ட மாணவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், பிரிவை மனப்பாடம் செய்யுமுன் அந்தக் கடிதத்தைத் தேடிப் படியுங்கள். சில பக்கங்கள்தான்.

நன்றி, வணக்கம்.