நீலப் பட்டைக்காரர்கள்: ஒரு தீவு திரட்டிய படை

[திரையில்: வரைபடம். வட அட்லாண்டிக் கடலில், கனடாவின் கிழக்கு ஓரத்தில் ஒரு பெரிய தீவு.]

வணக்கம். 1916 ஜூலை 2. வடக்கு பிரான்சில் பியூமோன்-ஹமெல் என்ற கிராமத்துக்கு எதிரே ஒரு பதுங்குகுழி. பெயர் கூப்பிடுகிறார்கள். முந்தைய நாள் காலை இங்கிருந்து தாக்குதலுக்குப் போனவர்கள் சுமார் 800 பேர். இப்போது பதில் குரல் கொடுத்தவர்கள் 68 பேர்.

முதல் உலகப் போரில் இதைவிடப் பெரிய எண்ணிக்கைகள் எத்தனையோ உண்டு. ஆனால் இந்த 800 பேரில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே தீவுக்காரர்கள். நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்ட். இவர்களைப் பற்றிப் பேச நான் ஆசைப்பட்டதற்குக் காரணமே அதுதான்.

நியூஃபவுண்ட்லாந்து இன்று கனடாவில் இருக்கிறது. அன்று அது பிரிட்டிஷ் பேரரசுக்குள் ஒரு தனி நாடு, தனிப் பிரதமர். மக்கள்தொகை இரண்டரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. காட் மீன் பிடிப்பு, பனிக்கடலில் சீல் வேட்டை, இவைதான் முக்கியப் பிழைப்பு. 1870இல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பிப் போன பிறகு தீவில் ராணுவமே கிடையாது. 1914 ஆகஸ்டில் போர் வந்ததும், ஆளுநர் வால்டர் டேவிட்சன் தலைமையில் ஊர்ப் பிரமுகர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்து ஆள் திரட்டத் தொடங்கினார்கள். தலைநகர் செயின்ட் ஜான்ஸில் ஒவ்வொரு திருச்சபைக்கும் ஓர் இளைஞர் அணி இருந்தது. அணிவகுப்பு பழகிய பையன்கள் முதலில் வந்தார்கள்.

[திரையில்: பழைய புகைப்படம். முழங்கால் வரை துணிப்பட்டை சுற்றிய இளைஞர்கள்.]

சீருடைக்குக் காக்கித் துணி போதவில்லை. அதனால் காலில் சுற்றும் பட்டையை நீலத் துணியில் தைத்துக் கொடுத்தார்கள். முதல் ஐந்நூற்றுச் சொச்சம் பேருக்கு ‘நீலப் பட்டைக்காரர்கள்’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அக்டோபரில், சீல் வேட்டைக்குப் போகும் ஃப்ளோரிசெல் என்ற கப்பலிலேயே அவர்கள் புறப்பட்டார்கள்.

1915 செப்டம்பரில் துருக்கியின் கலிப்போலி. வட அமெரிக்காவிலிருந்து அங்கே போய்ச் சண்டையிட்ட காலாட்படை இது ஒன்றுதான். குண்டுகளோடு நோயும் ஆட்களைக் கொன்றது. நவம்பரில் வந்த புயலும் பனியும் பலருடைய கால்களை உறைய வைத்தன. அங்கிருந்து பிரான்ஸ்.

இனி ஜூலை 1. பிரான்சின் சோம் ஆற்றோரம் நடந்த சோம் போரின் முதல் நாள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

காலை 7:20க்கு, ஜெர்மானியர் வசமிருந்த ஹாதார்ன் மேட்டின் அடியில் பிரிட்டிஷார் சுரங்க வெடி வைத்தார்கள். தாக்குதல் நேரமோ 7:30. அந்தப் பத்து நிமிட இடைவெளியே ஜெர்மானியர்களுக்கு எச்சரிக்கை மணி ஆகிவிட்டது. முதல் அலைகள் சரிந்தன. அந்த நேரத்தில் ஜெர்மானியர் பக்கமிருந்து ஒரு வெள்ளை ஒளிக்குண்டு கிளம்பியது. ‘நம் ஆட்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள்’ என்ற அறிகுறியாகத் தளபதிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களுக்கு உத்தரவு போனது.

முன்வரிசைக்குப் போகும் குழிகளில் செத்தவர்களும் காயம்பட்டவர்களும் நிறைந்து வழி அடைந்திருந்தது. அதனால் 9:15க்குப் பின்வரிசைக் குழியிலிருந்தே மேலே ஏறித் திறந்த வெளியில் நடந்தார்கள். சொந்த முள்கம்பி வேலியை எட்டவே 200 மீட்டருக்கு மேல் போக வேண்டும். அந்த வேலியில் வெட்டி வைத்திருந்த இடைவெளிகளை ஜெர்மானிய இயந்திரத் துப்பாக்கிகள் குறிவைத்துக் காத்திருந்தன. பனிப்புயலுக்குள் நடப்பதுபோல் மோவாயைத் தோளுக்குள் புதைத்துக்கொண்டு அவர்கள் நடந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தத் தீவில் வளர்ந்த உடம்புக்கு அது பழக்கம்.

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தாக்குதலுக்குப் போன அதிகாரிகளில் ஒருவர்கூடக் காயமில்லாமல் திரும்பவில்லை. செயின்ட் ஜான்ஸின் எய்ர் குடும்பம் அன்று ஒரே நாளில் நான்கு பேரை இழந்தது. மூவர் இந்தப் படையில், ஒருவர் வேறு படையில்.

செத்தவர்களால் இதற்கு மேல் முன்னேற முடியாது, அதனால்தான் தாக்குதல் தோற்றது என்று டிவிஷன் தளபதி டி லிஸ்ல் பிறகு எழுதினார். புகழ்ச்சியாகத்தான் எழுதினார். என்னால் அதைப் புகழ்ச்சியாகப் படிக்க முடியவில்லை. உத்தரவு ஏன் போனது என்பதற்கு அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

[திரையில்: தீவின் சிறு துறைமுகங்கள், மரவீடுகள்.]

ஊர்ப் படை என்பதன் மறுபக்கம் இதுதான். சேரும்போது அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுக்காரன், ஒரே படகில் மீன் பிடித்தவன் என்று எல்லோரும் ஒன்றாகச் சேருகிறார்கள். அடி விழும்போதும் ஒன்றாகவே விழுகிறது. இழப்பை ஈடுகட்டவும் அதே துறைமுகங்களிலிருந்துதான் ஆள் வரவேண்டும்.

வரத்தான் செய்தார்கள். அக்டோபரிலேயே கெடுக்கூர் சண்டையில் ஜெர்மானியக் குழியைப் பிடித்தார்கள். 1917 ஏப்ரல் 14, மோன்ஷி கிராமம்: மறுபடி சுமார் 460 பேர் இழப்பு. கிராமத்தைக் காக்க யாருமே மிஞ்சாத நிலையில் தளபதி ஃபோர்ப்ஸ்-ராபர்ட்சன் உட்படப் பத்தே பேர் சில மணி நேரம் எதிரியை நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் பெல்ஜியத்தின் ஈப்ர், பிரான்சின் காம்ப்ரே சண்டைகள். அந்த ஆண்டு டிசம்பரில், அரசர் தரும் ‘ராயல்’ பட்டம் கிடைத்தது. அந்தப் போர் முடிவதற்குள் இந்தப் பட்டம் பெற்ற படை இது ஒன்றுதான்.

1918 ஏப்ரலில் பையூல் சண்டைக்குப் பிறகு அனுப்ப ஆளில்லை. படையைச் சில மாதங்கள் களத்திலிருந்து எடுத்துத் தலைமையகக் காவலுக்கு அனுப்பினார்கள். தீவு மே மாதம் கட்டாய ராணுவச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அப்படிச் சேர்ந்தவர்கள் களத்தை எட்டுமுன் போர் முடிந்துவிட்டது. கடைசிவரை சண்டையிட்டவர்கள் தாமாக வந்தவர்களே.

அவர்களில் டாமி ரிக்கெட்ஸ் ஒருவர். 15 வயதில் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தவர். அண்ணன் ஜார்ஜ் காம்ப்ரே சண்டையில் போய்விட்டார். 1918 அக்டோபர் 14, பெல்ஜியத்தின் லெடெகெம் அருகே துப்பாக்கிக் குண்டுகள் தீர்ந்தபோது, சுடும் எதிரிக்கு நடுவே சுமார் 100 கெஜம் பின்னால் ஓடிக் குண்டுகளை எடுத்து வந்தார். 17 வயதில் விக்டோரியா கிராஸ், பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருது. ஊர் திரும்பியவர் மருந்தாளர் ஆனார். செயின்ட் ஜான்ஸில் மருந்துக்கடை நடத்தினார்.

போர்க்கடன் தீவை விடவில்லை. மற்ற நெருக்கடிகளும் சேர 1934இல் சுயாட்சி போனது. 1949இல் கனடாவோடு இணைந்தார்கள். ஜூலை 1 கனடா தினம். அதனால் நியூஃபவுண்ட்லாந்தில் அந்த நாளுக்கு இரண்டு முகம். காலையில் சட்டையில் சிறு நீலப்பூ குத்திக்கொண்டு நினைவுச்சின்னத்துக்குப் போகிறார்கள். கொண்டாட்டம் அதற்கப்புறம்தான்.

[திரையில்: செயின்ட் ஜான்ஸ், தேசியப் போர் நினைவுச்சின்னம்.]

2024 மே மாதம் பியூமோன்-ஹமெலில், பெயர் தெரியாத ஒரு நியூஃபவுண்ட்லாந்து வீரரின் எச்சங்களைப் பிரான்ஸ் ஒப்படைத்தது. விமானத்தில் ஊருக்குக் கொண்டுவந்து, ஜூலை 1 அன்று இந்த நினைவுச்சின்னத்தின் அடியில் அடக்கம் செய்தார்கள்.